பாவா முகையதீன்: யாழ்ப்பாணத்துச் சாமி, பிலடெல்பியாவின் ஷெய்கு

பண்ணைப்பாலம் எழுதியது:

சூஃபி (இஸ்லாமிய மெய்ஞ்ஞான) குருவான பாவா முகையதீன் மறைந்தது 1986 டிசம்பர் 8 அன்று, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள்தான். பல்கலைக்கழகக் கட்டுரைகள், நினைவுக் குறிப்புகள், படங்கள் என்று ஆங்கிலத்தில் குவிந்து கிடக்கின்றன. வாழ்நாள் முழுக்கத் தமிழில் மட்டுமே பேசிய மனிதரைப் பற்றித் தமிழில் தேடினால் விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த ஆதங்கத்தில் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1940களில் கதிர்காமம் போன யாத்திரீகர்கள் காட்டுப்பக்கம் ஒரு துறவியைக் கண்டு, எங்கள் ஊருக்கும் வாருங்கள் என்று யாழ்ப்பாணத்துக்கு அழைத்தார்கள். வந்தார். ஆசிரமம் ஒன்று உருவானது. நோயாளிகள், பேய் பிடித்தவர் என்று சொல்லப்பட்டவர்கள், பசித்தவர்கள் எல்லோரும் அவரிடம் வைத்தியத்துக்கும் சோற்றுக்கும் போனார்கள். சைவர்கள் சாமி என்றார்கள், முஸ்லிம்கள் பாவா என்றார்கள். 1960களில் கொழும்பில் அவரைச் சுற்றிச் செரண்டிப் சூஃபி கற்கை வட்டம் அமைந்தது. பிலடெல்பியாவிலிருந்து ஓர் இளம்பெண் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அந்த வழியில் அழைப்பு வந்து 1971 அக்டோபர் 11 அன்று அங்கே போய் இறங்கினார். அப்புறம் 1980களின் தொடக்கம் வரை அங்கும் இங்குமாக வந்து போனார்.

பிறந்த ஆண்டு எந்தப் பதிவிலும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. அவர் பெயரில் இருக்கும் ஆங்கில நூல்கள் எல்லாம் அவர் பேசப் பேச ஒலிநாடாவில் பிடித்து, மொழிபெயர்த்து, தட்டச்சு செய்தவை.

வீட்டில் பெரியவர்கள் சொன்னது, நேரில் பார்த்தது, படித்தது எது இருந்தாலும் போடுங்கள். புகழ்ச்சிதான் வேண்டும் என்றில்லை. திட்டினாலும் காரணத்தோடு திட்டுங்கள்.

---

வைகைக்கரை எழுதியது:

மதுரைக்காரி நான். இந்தப் பெயரை இன்றுதான் கேள்விப்படுகிறேன். அடிப்படையான சந்தேகம்: இவர் இந்துச் சாமியாரா, முஸ்லிம் பெரியவரா? வைத்தியம் என்றால் மூலிகையா, மந்திரமா? யாழ்ப்பாணச் சைவக் குடும்பங்கள் ஒரு முஸ்லிமிடம் எப்படிப் போனார்கள்? எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து நண்பர்கள் வீட்டு ஆசாரத்தை நினைத்தால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

---

நல்லூர்வாசி எழுதியது:

வைகைக்கரை அக்கா, யாழ்ப்பாணத்து ஆசாரம் இறுக்கமானதுதான். ஆனால் அதே ஊர்தான் ஆசாரத்துக்குள் அடங்காத சாமிமாரைத் தேடித் தேடிப் போனது. கடையிற்சுவாமி பெரிய கடைப்பக்கம் திரிந்தவர். அவருடைய சீடர் செல்லப்பா சுவாமி நல்லூர்த் தேரடியில் இருந்தார், பாதிச் சனம் அவரை விசரன் (பைத்தியக்காரன்) என்றது. அவருக்குப் பின் வந்த யோகர் சுவாமி கொழும்புத்துறைக் கொட்டிலில் இருந்துகொண்டு, பார்க்க வந்த பெரிய மனிதர்களை ஏசிக் கலைப்பார். ஏச்சு வாங்கியவர்கள் மறுநாளும் போவார்கள். 1964இல் யோகர் சுவாமி சமாதியானபோது வடக்கே திரண்டது. இப்படிப் பழகிய ஊருக்குத் தலைப்பாகை கட்டிய ஒரு பாவா வந்து சோறு போட்டு வருத்தம் (நோய்) கேட்டால், அவர் என்ன சமயம் என்ற கேள்வி இரண்டாவதுதான்.

கதிர்காமத்திலிருந்து வந்தவர் என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே முருகன் கோயில் வளவிலேயே பள்ளிவாசலும் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கால்நடையாகக் கதிர்காமம் போன சனத்துக்கு அது புதிய விஷயமில்லை. பலாங்கொடைப் பக்கம் கூரகலையில் இருக்கும் தப்தர் ஜெய்லானிக் குகைகளையும் பாவாவோடு சேர்த்துச் சொல்வார்கள். பக்தாத்தின் அப்துல் காதிர் ஜீலானி தவம் இருந்த இடம் என்பது அங்குள்ள நம்பிக்கை. முகையதீன் என்பது அந்தப் பெரியவரின் பட்டப்பெயர்தான்.

வைத்தியம் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் வீட்டில் பேசிக்கொண்டதை வைத்துச் சொல்கிறேன். எங்கள் அம்மம்மா அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் முதலில் வருவது மந்திரம் இல்லை, சாப்பாடு. ஆர் வந்தாலும் இருத்திச் சாப்பிட வைத்து, சாப்பிடும்போதுதான் என்ன வருத்தம், வீட்டில் என்ன பிரச்சினை என்று கேட்பாராம். அம்மம்மாவே பார்த்தாரா, பக்கத்து வீட்டார் சொன்னதா என்று எனக்குப் பிரித்துச் சொல்ல வராது. ஆனால் அந்த ஆசிரமத்தைப் பற்றி எந்த வீட்டில் கேட்டாலும் சமையல் வந்துவிடும். சமைக்க அரிசி வேண்டுமே, அதற்கு வன்னியில் புளியங்குளம் பக்கம் வயல் செய்தார்கள். சீடர்கள் அங்கே போய்க் கமம் செய்ததும் இந்தக் கதையில் ஒரு பகுதி. சும்மா குந்தியிருந்து தியானம் செய்ய விட்ட ஆசிரமம் இல்லை.

பேய் கலைப்பதும் நடந்தது, மறைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அவருக்குப் பெயர் வந்ததே முதலில் அதனால்தான்.

---

ஸ்டெத் எழுதியது:

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. நான் மருத்துவர், தமிழ்நாட்டில் ஒரு சிறு நகரத்தில் வேலை. பேய் பிடித்தது என்று தர்காவிலும் கோயிலிலும் மாதக்கணக்கில் கட்டிவைத்து, கடைசியில் எங்களிடம் வரும் வலிப்பு நோயாளிகளை வாராவாரம் பார்க்கிறேன். தினம் ஒரு மாத்திரையில் அடங்கியிருக்க வேண்டியது. பிள்ளைப் பேற்றுக்குப் பிறகு வரும் மனநோய்க்கு வேப்பிலை அடி வாங்கிய பெண்கள் இருக்கிறார்கள். ஆகவே "பாவா குணப்படுத்தினார்" என்று யாராவது சொன்னால் என் முதல் கேள்வி: யாரை, என்ன நோய், பிறகு என்ன ஆனது?

பொதுவாக எல்லாச் சாமியார்களுக்கும் ஒரு வசதி உண்டு. குணமானவன் ஊரெல்லாம் சொல்வான். குணமாகாதவன் அடுத்த சாமியாரைத் தேடிப் போய்விடுவான். பேர் மட்டும் வளரும்.

இவர் எப்படிச் செய்தார் என்று தெரியாமல் அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் "வைத்தியர்" என்ற சொல்லை இவ்வளவு சுலபமாகப் போடாதீர்கள்.

---

நல்லூர்வாசி எழுதியது:

டாக்டர் ஐயா, 1950களில் யாழ்ப்பாணத்தில் மனநோய்க்குக் கிடைத்த வசதி என்னவென்று நீங்களே யோசித்துப் பாருங்கள். எங்கள் சனத்துக்குத் தெரிந்ததெல்லாம் கொழும்புப் பக்கம் அங்கொடை ஆஸ்பத்திரி. அதன் பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள். வீட்டில் பூட்டி வைத்திருந்த பெண்ணை ஓரிடத்தில் கொண்டுபோய் விட, அங்கே அடிக்காமல், மற்ற ஆட்களோடு சேர்த்துச் சாப்பிட வைத்து, மரக்கறி வெட்டச் சொல்லிப் பக்கத்தில் வைத்திருந்தார்கள் என்றால் அதுவே அவளுக்குப் பெரிய விஷயம். மாத்திரைக்குப் பதில் இது என்று நான் சொல்ல வரவில்லை.

---

ஓவர்புரூக்வாசி எழுதியது:

திருச்சிக்காரன், இருபது வருடத்துக்கு மேலாகப் பிலடெல்பியாவில் இருக்கிறேன். ஓவர்புரூக் அவென்யூவில் பாவாவின் சங்கம் இருக்கும் கட்டடத்துக்குப் பல தடவை போயிருக்கிறேன். முதல்முறை போனது வேலை இடத்து நண்பர் ஒருவர் கூப்பிட்டதால். அவர் அயர்லாந்து வம்சாவளி, எழுபதுகளில் தலைமுடி வளர்த்து ஊர் ஊராகச் சுற்றிய தலைமுறை. கதவைத் திறந்ததும் கடுகும் கறிவேப்பிலையும் தாளிக்கிற வாசம். உள்ளே வெள்ளை அமெரிக்கப் பாட்டி ஒருவர் பெரிய பானையில் பருப்பைக் கிண்டிக்கொண்டிருக்கிறார். உப்பு பார் என்று கரண்டியில் எடுத்து என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். இந்தப் பழக்கம் எங்கள் வீட்டுக் கல்யாணச் சமையலில் பார்த்தது. பெருங்காயம் போடவில்லையா என்றேன். இது பாவா சொல்லிக்கொடுத்தபடி என்றார். அதோடு பேச்சு முடிந்தது!

நல்லூர்வாசி சொன்ன சமையல் விஷயம் இங்கேயும் அப்படியேதான். 1971இல் வந்தபோது மேற்குப் பிலடெல்பியாவில் ஒரு சாதாரண வரிசை வீட்டில்தான் தங்கினார். வந்தவர்களில் பாதிப்பேர் இந்தியாவில் குருவைத் தேடி அலைந்து களைத்தவர்கள், போதைப்பொருளில் விழுந்து எழுந்தவர்கள், வியட்நாம் போர் எதிர்ப்புக் கூட்டத்தார், கறுப்பின இளைஞர்கள், யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். இவர்களுக்கு அவர் உபதேசம் மட்டும் செய்யவில்லை. தானே அடுப்படியில் நின்று சமைத்துப் போட்டார். புலால் கிடையாது. மசாலாவை எது எதற்கு, எவ்வளவு, எப்போது போடுவது என்று பக்கத்தில் நிற்கவைத்துச் சொல்லித் தந்தார். பிறகு அந்த முறைகளைத் தொகுத்துச் சங்கத்தார் சமையல் புத்தகமே போட்டார்கள், இரண்டு பாகம். சூஃபி ஞானியின் நூல் வரிசையில் சமையல் புத்தகமும் ஒன்று.

மஞ்சள், சீரகம், மிளகு, பூண்டு, வெந்தயம், கொத்தமல்லி. நம்ம ஊரில் இதில் சமையல் எங்கே முடிகிறது, மருந்து எங்கே தொடங்குகிறது என்று யாரும் கோடு போட்டதில்லை. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அது அதிசயம்.

பாரசீகக் கவி ரூமியின் கவிதைகளை ஆங்கிலத்தில் பிரபலமாக்கிய கவிஞர் கோல்மன் பார்க்ஸ் தெரியும்தானே? அவர் வாழ்க்கையில் ஒரு கனவுக் கதை உண்டு, அவரே பல தடவை சொன்னது. 1977 மே 2 அன்று, தான் பிறந்து வளர்ந்த சட்டனூகாவில் டென்னசி ஆற்றங்கரையில் படுத்திருப்பதாகக் கனவு. ஒளி உருண்டைக்குள் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த வருடம் பிலடெல்பியாவில் பாவாவைப் பார்த்தபோது அவர்தான் இவர் என்று கண்டுகொண்டாராம். ரூமி வேலையைத் தொடர்ந்து செய் என்று பாவா சொன்னதாகவும் எழுதியிருக்கிறார். பாவா இறக்கும் வரை வந்து போனார். படிக்கத் தெரியாத குருவுக்குப் பாரசீகம் தெரியாத ரூமி மொழிபெயர்ப்பாளர் சீடர். நல்ல ஜோடி.

---

தக்கலைக்காரன் எழுதியது:

ஸலாம் எல்லோருக்கும். ஓவர்புரூக்வாசி அண்ணனின் கடைசி வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன்.

பாவாவை ஏதோ வானத்திலிருந்து விழுந்தவர் மாதிரி அமெரிக்கக் கட்டுரைகள் எழுதுகின்றன. காட்டிலிருந்து வந்தார், யாருக்கும் தெரியாது, வயது தெரியாது என்று. தமிழ் முஸ்லிம்களுக்கு இது அப்படிப் புதியதல்ல. எங்கள் ஊர் பீர் முகம்மது அப்பா நெசவு நெய்து பிழைத்தவர். அவர் பாடல்களை ஒவ்வொரு வருடமும் தர்காவில் விடிய விடியப் பாடுகிறோம். ராமநாதபுரம் பக்கத்துக் குணங்குடி மஸ்தான் சாகிபு சொத்து சுகத்தை விட்டுவிட்டு, கடைசியில் சென்னை ராயபுரத்தில் வந்து இருந்தார். கண்ணி கண்ணியாகப் பாடினார், தாயுமானவர் வாசம் அடிக்கும். அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் பாவா ஒரு பழைய மரபின் ஆள். பாட்டும் பாடுவார், பேச்சின் நடுவே நினைத்தபோது பாட்டாகவே போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் சரக்கை எங்கிருந்து எடுத்தார் என்பது. மாயைக்கு மூன்று பிள்ளைகள், தாரகன், சிங்கன், சூரன் என்று திரும்பத் திரும்பச் சொல்வார். இது அப்படியே கந்தபுராணம். தாரகன், சிங்கமுகன், சூரபன்மன், தாய் மாயை. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராணபடனம் கேட்ட சனத்துக்கு இவர்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்த அசுரர்களை அவர் மனிதனுக்குள்ளே, ஆசை கோபங்களாக உட்கார வைத்தார். அடுத்த மூச்சில் நபி இப்ராஹீம், நபி மூசா, பிறகு கலிமா என்ற இஸ்லாமிய உறுதிமொழி. கேட்டுக்கொண்டிருந்த பிலடெல்பியாப் பிள்ளைகளுக்காக நூலின் பின்னால் சொற்பட்டியல் போட வேண்டியதாயிற்று. சூரனும் வானவர் ஜிப்ரீலும் ஒரே பட்டியலில் வருவார்கள்.

மனிதனின் அறிவை ஏழு படியாகச் சொல்வார்: உணர்வு, உணர்ச்சி, புத்தி, மதி, அறிவு, பகுத்தறிவு, பேரறிவு. இஸ்லாமியப் பாதையை ஷரீஅத் (சட்டம்), தரீக்கத் (வழி), ஹகீக்கத் (உண்மை), மஃரிபத் (ஞானம்) என்று நான்காகச் சொல்வது சூஃபிகளிடம் வழக்கம். இவர் சூஃபியத் என்று ஐந்தாவதையும் வைத்தார். முதல் பட்டியல் தமிழ், இரண்டாவது அறபு, இரண்டும் ஒரே பேச்சில் ஒன்றோடொன்று மோதாமல் போகும். மதரஸாவில் ஓதியவர்கள் இதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். கேட்கவும் செய்தார்கள்.

---

ஸைனப் எழுதியது:

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். கேட்டவர்களில் எங்கள் குடும்பத்துப் பெரியவர்களும் உண்டு. வீட்டிலேயே இரண்டு கட்சி. ஒரு மாமா செரண்டிப் வட்டத்துக்குப் போய் வந்தவர், இன்னொருவர் அதைப் பற்றிப் பேசினாலே எழுந்து போய்விடுவார். "தொழுகை சொல்லித்தராமல் கதை சொல்லித்தருகிறவர்" என்பது அவருடைய ஒரு வரித் தீர்ப்பு.

முதல் வருடங்களில் அந்தக் குற்றச்சாட்டுக்கு இடம் இருந்தது. அமெரிக்காவில் ஆரம்பத்தில் வந்த நூல்களில் அவர் பெயர் குரு பாவா. சீடர்கள் தங்களை முஸ்லிம் என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. எழுபதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் விடியற்காலை திக்ரு (இறைநாமம் ஓதுதல்) பழக்கம் வந்தது. குரு என்ற சொல் மெதுவாகப் போய் ஷெய்கு (சூஃபி ஆசான்) வந்தது. 1984 மே மாதம் பிலடெல்பியாச் சங்க வளவிலேயே பள்ளிவாசல் திறக்கப்பட்டது. ஐந்து வேளைத் தொழுகை, ஜும்ஆ (வெள்ளித் தொழுகை), எல்லாம் ஹனஃபி சட்டப்பள்ளி முறைப்படி. அதைக் கட்டியவர்கள் பெரும்பாலும் சீடர்களே, சம்பளத் தொழிலாளிகள் இல்லை.

எழுந்து போகிற மாமா கட்சிக்கு இதில் ஒரு பிரச்சினை. பள்ளிவாசல் கட்டினார் என்பதைக் கேட்டும் அவர் சமாதானம் ஆகவில்லை, "பதிமூன்று வருடம் ஏன் காத்திருந்தார்" என்றார். என் கருத்து வேறு. யோகாசனமும் கஞ்சாவுமாக வந்த கூட்டத்திடம் முதல் நாளே வுழூ (தொழுகைக்கு முன் கைகால் கழுவுதல்) செய் என்றால் இரண்டாம் நாள் வீடு காலி. பசித்தவனுக்குச் சோறு, பிறகு பேச்சு, பிறகு திக்ரு, பிறகு தொழுகை. வைத்தியர் மருந்து கொடுக்கிற வரிசை இதுதான் என்று நினைக்கிறேன். டாக்டர் மன்னிக்கவும்!

புலால் விஷயம் தனி வம்பு. குர்பானிக்கு (பெருநாள் பலிக்கு) அவர் சொன்ன விளக்கம், அறுப்பதற்கு விதித்த கட்டுப்பாடுகளே கொலையைக் குறைக்கத்தான், உள்ளத்தில் இருக்கும் மிருகத்தை அறுப்பதே உண்மையான குர்பானி என்பது. உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) பலர் இதை ஏற்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளன்று எங்கள் வீட்டில் இந்த வாதம் தவறாமல் வரும், பிரியாணி ஆறும் வரை நடக்கும்.

---

ஸ்டெத் எழுதியது:

ஸைனப் அவர்களே, மன்னித்தேன்.

தக்கலைக்காரர் எழுதியது சுவாரசியம், ஆனால் நான் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. சரி, அதை விடுகிறேன். இன்னொன்று கேட்கிறேன். எழுபதுகளில் அமெரிக்கா போன கீழைத்தேயக் குருமார் பட்டியல் நீளம். பாதிப்பேர் கதை விமானம், கார், நீதிமன்றம் என்று முடிந்தது. இவர் அந்த வகையறா இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பணம் யாரிடம் இருந்தது? அவர் போன பிறகு நாற்காலிக்குச் சண்டை வந்ததா?

---

ஓவர்புரூக்வாசி எழுதியது:

நியாயமான கேள்வி, டாக்டர். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

பேச்சுக்கோ பார்ப்பதற்கோ கட்டணம் இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. போனால் சாப்பிட்டுவிட்டுத்தான் அனுப்புவார்கள். வாரிசு என்று யாரையும் அவர் நியமிக்கவில்லை. ஷெய்கு நாற்காலி காலியாகவே இருக்கிறது. நிர்வாகத்தைக் குழு பார்க்கிறது, தொழுகையை இமாம்கள் நடத்துகிறார்கள், கூட்டங்களில் பழைய ஒலி, ஒளி நாடாக்களைப் போட்டுக் கேட்கிறார்கள். மறைந்த குருவின் குரலே இன்றும் அங்கே பேசுகிறது, இதைச் சிலர் அழகு என்பார்கள், சிலர் தேக்கம் என்பார்கள்.

உள்ளே உரசல் இல்லாமல் இல்லை. ஞாயிறு பேச்சுக்கு மட்டும் வருகிறவர்கள் ஒரு பக்கம், வெள்ளி ஜும்ஆவுக்கு மட்டும் வருகிறவர்கள் இன்னொரு பக்கம். பின்னவர்களில் பலர் பிறகு குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள், சிலருக்குப் பாவாவைப் பற்றி அக்கறையே கிடையாது, பக்கத்தில் பள்ளிவாசல் இருக்கிறது, வருகிறார்கள். பழைய சீடர்களில் சிலர் பள்ளிவாசல் வந்தபோதே விலகிவிட்டார்கள். அவர்கள் தேடி வந்தது மதம் இல்லாத ஒரு குருவை.

அரசியல் பக்கமும் கொஞ்சம் உண்டு. ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தார் பணயக் கைதிகளாக இருந்தபோது கொமெய்னி முதல் கார்ட்டர் வரை பல தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார், அதாவது சொல்லச் சொல்ல எழுதினார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்து இஸ்லாம் பற்றிக் கேட்டது அந்தச் சமயத்தில்தான். கடைசி வருடங்களில் உடம்பு முடியாமல் கட்டிலில் இருந்தபடியே பேசினார், அறை நிறைய ஆட்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஒளிநாடாக்களில் ஒன்றைப் பாருங்கள். மொழிபெயர்ப்பவர் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை அவர் காத்திருப்பார். சில சமயம் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிவிடுவார், மொழிபெயர்ப்பவர் பாடு திண்டாட்டம். "என் கண்ணே, என் பிள்ளைகளே" என்று கூப்பிடுவதைக் கேட்டால் நம்ம ஊர்ப் பெரியப்பா பேசுவது மாதிரி இருக்கும்.

ஓவியமும் வரைந்தார் என்பதைச் சொல்ல விட்டுப்போச்சு. வண்ணம் கொட்டும் பெரிய படங்கள், ஒவ்வொன்றுக்கும் விளக்கப் பேச்சு தனி. எனக்கு அதில் ரசனை போதாது.

---

பண்ணைப்பாலம் எழுதியது:

மண்கும்பானைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, அடுத்து மண்கும்பான். இரண்டு பக்கமும் கடல், பிறகு பனையும் வெள்ளை மணல் திட்டிகளும். வெள்ளைப்புற்றடிப் பிள்ளையார் கோயிலைத் தெரியாத தீவகத்தார் இல்லை. அந்த ஊரில்தான் பாவா ஒரு வழிபாட்டு மனை கட்டத் தொடங்கினார். வருடக்கணக்காகக் குறையாகக் கிடந்தது. 1970களில் அவரோடு இலங்கை வந்த அமெரிக்கப் பிள்ளைகள் கல் சுமந்து, சாந்து குழைத்து 1975இல் முடித்துவைத்தார்கள். வெயில் குடித்துச் சிவந்த வெள்ளைக்காரர் மண்கும்பானில் சாந்துச் சட்டி தூக்கினதை ஊர்ச் சனம் வேடிக்கை பார்த்தது இன்றும் பெரியவர்கள் வாயில் வரும்.

அந்த இடம் மரியம் அம்மையாருக்கு, ஈசா நபியின் தாய்க்கு, அர்ப்பணிக்கப்பட்டது. ஒரு முஸ்லிம் பெரியவர், சைவ ஊர், கிறிஸ்தவர்களும் வணங்கும் தாய். தீவகத்தில் கத்தோலிக்கர் நிறைய என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

நான் போனது போர் முடிந்த பிறகு. வெள்ளையடித்த கட்டடம், செருப்பைக் கழற்றி உள்ளே போனால் குளிர்ந்த தரை. எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தவர் நெற்றியில் திருநீறோடு இருந்தார். விளக்கு வைப்பது, கூட்டுவது எல்லாம் அவர்கள் வீட்டு வேலை என்றார். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றிய பிறகு இந்தப் பக்கம் முஸ்லிம்களே இல்லாமல் போன காலம் இருந்தது. தீவகத்துச் சனமும் இடம்பெயர்ந்து அலைந்தது. அந்த நாட்களிலும் பிறகும் பாவாவின் இடங்களை விடாமல் பார்த்தவர்களில் இந்துக் குடும்பங்கள் முக்கியமானவர்கள். இதை நான் நல்லிணக்கப் பாட்டாகப் பாட விரும்பவில்லை. வெளியேற்றப்பட்டவர்களின் வீடுகளுக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஊரில் இது ஒன்று மட்டும் இப்படி நின்றது, அவ்வளவுதான்.

டாக்டர் கேட்ட "யாரை, என்ன நோய்" கேள்வியை நான் அன்றைக்கே கேட்டிருந்தேன், தேத்தண்ணி தந்தவரிடம். தகப்பனுக்குக் குடி இருந்ததாம். பாவா என்ன செய்தார் என்றேன். வயலுக்கு அனுப்பிவிட்டார் என்றார். மருந்து? "புளியங்குளத்தில தவறணை (கள்ளுக்கடை) இல்லைத்தானே."

---

ஸ்டெத் எழுதியது:

பண்ணைப்பாலம், இந்த வைத்தியத்தை நானும் எழுதிக்கொடுப்பேன். வயல்தான் கிடைக்காது.

பேய் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

---

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இரண்டு ஒளிப்பதிவு பார்த்தேன். தமிழில் ஒரு நிமிடம், பிறகு ஆங்கிலத்தில் ஒரு நிமிடம். ஆங்கிலத்தில் கேட்கும்போது பெரிய தத்துவமாகத் தெரிகிறது. தமிழில் கேட்டால் திண்ணைப் பேச்சு, அதில் நடுநடுவே நகைச்சுவை. கழுதை, நரி, குரங்கு என்று கதைகள். அவர் சிரிக்கிற இடத்தில் அந்த அறையில் ஒன்றிரண்டு பேர்தான் சிரிக்கிறார்கள், அவர்கள் தமிழர்களாக இருக்க வேண்டும். மற்றவர்கள் ஒரு நிமிடம் கழித்துச் சிரிக்கிறார்கள்.

இவ்வளவு மணி நேரம் தமிழில் இருக்கிறது, எழுத்தில் ஏன் இவ்வளவு குறைவு?

---

ஓவர்புரூக்வாசி எழுதியது:

சில நூல்கள் தமிழிலும் உண்டு. ஆனால் மனிதபலம் முழுக்க ஆங்கிலப் பக்கம்தான் போனது. தட்டச்சு செய்தவர்கள், அச்சிட்டவர்கள், காசு போட்டவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுக்கு வேண்டியதை அவர்கள் செய்தார்கள், குறை சொல்ல முடியாது. நாடாக்களைப் பாதுகாத்து வைத்திருப்பதும் அவர்கள்தான்.

அப்புறம், டிசம்பரில் யாராவது இந்தப் பக்கம் வருவதாக இருந்தால்: மஸார் (பாவாவின் அடக்கத்தலம்) பிலடெல்பியா நகருக்குள் இல்லை. மேற்கே காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல், கோட்ஸ்வில் பக்கம் பண்ணை நிலங்களுக்கு நடுவே இருக்கிறது. 1987இல் சீடர்கள் கட்டியது. வெள்ளைக் கும்பம், சுற்றிலும் சோளக்காடு. பேருந்து வசதி கிடையாது. மாமிசம், மது கொண்டுபோக வேண்டாம், தலைக்குத் துணி வேண்டும். குளிருக்கு நல்ல காலுறை போட்டுக்கொண்டு போங்கள், செருப்பைக் கழற்ற வேண்டும்.

---

தக்கலைக்காரன் எழுதியது:

வைகைக்கரை அக்கா கேட்டதற்குப் பதில் சொல்வதைவிட ஒன்று செய்து பார்க்கலாம். ஒரு பேச்சை எடுத்துத் தமிழில் கேட்டபடியே எழுத்தில் இறக்குவோம். திருத்தாமல், அவர் பேசின மாதிரியே. ஆனால் முதலில் சங்கத்தாரிடம் அனுமதி கேட்க வேண்டும், அதை ஓவர்புரூக் அண்ணன் பார்த்துக்கொள்வாரா?

---

ஓவர்புரூக்வாசி எழுதியது:

கேட்கிறேன். மறுக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். சாப்பிட்டுவிட்டுக் கேட்கிறேன், அதுதான் அங்கே முறை.

---

நல்லூர்வாசி எழுதியது:

நானும் சேருகிறேன். ஆனால் அறபுச் சொல் வரும் இடங்களில் எனக்குக் காது போதாது.

---

தக்கலைக்காரன் எழுதியது:

அது என் பொறுப்பு. யாழ்ப்பாணச் சொற்களை நீங்கள் பாருங்கள், "கமம்", "தவறணை" எல்லாம் எங்கள் பக்கம் யாருக்கும் புரியாது. ஸைனப் தங்கச்சி நபிமார் கதைகளைச் சரிபார்க்கட்டும். முதலில் சின்னப் பேச்சாக எடுப்போம். இரண்டு மணி நேரப் பேச்சில் கை வைத்தால் தாவு தீர்ந்துவிடும்.

---

ஸைனப் எழுதியது:

சரி. எழுந்து போன மாமாவிடமே சரிபார்க்கக் கொடுக்கப் போகிறேன். பிழை பிடிப்பதில் அவரை அடிக்க ஆள் இல்லை.